ஆயுத பூஜைக்கு எத்தனை மதிப்பெண்

என் வேலை என்ன என்று கேட்டவர்களிடம் "ஆடிட்" என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் எங்கள் தெருவில் பாதிப் பேர் வருமான வரிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எனக்கு வரியும் தெரியாது, வட்டியும் தெரியாது. தொழிற்சாலைகளுக்குப் போய், இயந்திரங்களை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா, பராமரித்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் என் வேலை. "குத்தம் கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா இவளுக்கு? வீட்ல சும்மாவேதானே செய்யறா" என்பார் என் மாமியார். கல்யாண வீட்டில் எல்லாரும் மணப்பெண்ணின் நகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மேலே ஆடுகிற மின்விசிறியைப் பார்ப்பேன் என்பது அவருடைய இன்னொரு புகார். அது உண்மைதான். அந்த மின்விசிறியும் உண்மையிலேயே ஆடியது.

கஞ்ச மதிப்பெண்காரி என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருப்பேன், பவுடர் போட இல்லை. மோட்டார்களின் முன்பக்கத்தை எவனும் துடைத்து வைப்பான். பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும்.

ஊர்ப் பெயர் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரியாக மாறி, எல்லாரும் பழைய லெட்டர்பேடுகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த சமயம். பொங்கல் முடிந்த கையோடு எங்கள் அலுவலகத்தில் எனக்கு உள்ளூர் வேலையே ஒன்று வந்தது. கதிர்காமம் தாண்டி, ஊருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலை. இருமல் மருந்துக்கான பிளாஸ்டிக் பாட்டில்களும் மூடிகளும் செய்கிறவர்கள். வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தர முன்வந்திருந்தது. ஆனால் அதற்கு முன் பராமரிப்பை வெளியாள் ஒருவர் மதிப்பிட்டுத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த வெளியாள் நான். வீட்டில் காபியைக் குடித்துவிட்டு ஸ்கூட்டியில் போய்விடலாம் என்பதில் எனக்கு ஏக சந்தோஷம்.

மேலாளர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய்க்கு வடிகட்டி கிடையாது. நான் உட்கார்ந்ததுமே, பக்கத்தில் நின்ற பராமரிப்பு ஃபோர்மேனைக் காட்டிச் சொன்னார்: "இதுல தேறலன்னா, மெயின்டனன்ஸ மொத்தமா சென்னைக் காண்ட்ராக்ட் கம்பெனிகிட்ட விட்டுடச் சொல்லி முதலாளி சொல்லிட்டாரு மேடம். இவங்க டீமே இருக்காது. நீங்க பாத்துப் போடுங்க."

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பதைத் தொட்ட ஆள், நரைத்த மீசை. ஊர்ப் பஞ்சு மில் ஓடிய காலத்தில் அங்கே ஃபிட்டராக இருந்து, மில் படுத்த பிறகு இங்கே வந்தவர் என்றும் மேலாளரே சொன்னார். ஒரு தடவை வேலை போன மனுஷர். இரண்டாம் தடவை போகுமா போகாதா என்பதை என் பேனாவில் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. "நான் பாத்துத்தான் போடுவேன். அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன்.

முதல் நாள் முழுக்க ஃபைல்கள். அடேயப்பா, என்ன அழகு! ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு ஃபைல், பிளாஸ்டிக் உறை, வண்ண வண்ணத் தாவல்கள். தினசரிப் பரிசோதனைத் தாள், வருடாந்திர சர்வீஸ் கார்டு, எல்லாவற்றிலும் கட்டங்கள், கட்டங்களுக்குள் டிக், கீழே ஃபோர்மேனின் கையெழுத்து. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஒரு கறைகூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. கிரீஸ் கையோடு திரிகிறவர்கள் எழுதிய தாளில் ஒரு விரல் ரேகையாவது இருக்க வேண்டாமா?

ஆகஸ்ட் மாதத் தாளைப் புரட்டினேன். பதினைந்தாம் தேதி, சுதந்திர தினம், விடுமுறை என்று சரியாகப் போட்டிருந்தது. பதினாறாம் தேதி எல்லாக் கட்டத்திலும் டிக். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினாறு எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படி ஊரை ஒப்படைத்த நாள். பாண்டிச்சேரிக் குழந்தையிடம் கேட்டால்கூட, ஆகஸ்டில் எங்களுக்கு அடுத்தடுத்து ரெண்டு நாள் லீவு என்று சொல்லும். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

"இத யாரு ஃபில்லப் பண்ணது?" என்று கேட்டேன்.

மேலாளர் விட்டத்தைப் பார்த்தார். ஃபோர்மேன்தான் பதில் சொன்னார்: "சென்னைலேருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தாரு மேடம். அவருதான் மொத்தத்தையும் போட்டுக் குடுத்தாரு. நான் கையெழுத்து போட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்குச் சென்னையிலிருந்து ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள். எங்கள் விதிப்படி பொய்ப் பதிவுக்கு மதிப்பெண் பூஜ்யம். மொத்தத்தில் தேறினாலும் ஆவணப் பகுதியில் தேறாவிட்டால் தோல்விதான். அன்று மாலை வண்டியைக் கிளப்பும்போது, நாளைக்கு இயந்திரங்களைப் பார்க்கவே தேவையில்லை என்றுதான் நினைத்தேன். பொய் எழுதுகிற இடத்தில் வேலை எப்படி நடந்திருக்கும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

மறுநாள் உள்ளே போனதும் என் அனுபவம் என்னைக் கைவிட்டது. பாட்டில் ஊதும் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பேரிங் எதிலும் கரகரப்பு இல்லை. எண்ணெய் ஒழுகல் இல்லை. பெல்ட்டுகள் சரியான விறைப்பில் இருந்தன. நான் சந்தேகப் பேர்வழி, விடுவேனா? கண்ணாடியை எடுத்து ஒரு மோட்டாரின் பின்பக்கம் நீட்டினேன். அங்கேயும் சுத்தம். ஆனால் மோட்டாரின் முதுகில், ஃபேன் மூடிக்குச் சற்று மேலே, காய்ந்துபோன சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. அடுத்த இயந்திரத்திலும் அதே இடத்தில் ஒரு பொட்டு. அதற்கடுத்ததிலும் இருந்தது. முன்பக்கம் மட்டும் எதிலும் பொட்டு இல்லை, துடைத்த தடம்தான் இருந்தது.

அங்கே நின்ற ஆபரேட்டரிடம், "இத கடைசியா எப்ப தொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு" என்றார்.

அடுத்தவரைக் கேட்டேன். "பூஜைக்குத்தான் மேடம்." வரிசையில் எல்லாரும் அதையே சொன்னார்கள். எல்லாரும் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஃபோர்மேனைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னங்க இது?" என்றேன்.

அவர் கூச்சத்தோடுதான் ஆரம்பித்தார். "மில்லுல எங்களுக்கு அப்பிடித்தான் மேடம் பழக்கம். பூஜை வருதுன்னா பத்துப் பதினஞ்சு நாளுக்கு முன்னயே ஒவ்வொரு மிஷினா நிறுத்தித் தொறந்துடுவோம். உள்ள கழுவி, பேரிங் பாத்து, கிரீஸ் மாத்தி, பழைய சாமான தூக்கிப் போட்டு, மூடி, ஓட்டிப் பாத்துடுவோம். அந்த மிஷினு ஓட்டறவரு நல்லாருக்குன்னு சொல்லணும். அப்பறந்தான் சந்தனம், குங்குமம். தொறக்காத மிஷினுக்குப் பொட்டு கிடையாது. இங்க வந்தும் அதயேதான் செய்யறோம்."

"பொட்டு வைக்கலன்னா?"

"அசிங்கம் மேடம். மில்லுல பூஜையன்னிக்கு வீட்டுக்காரங்களயெல்லாம் உள்ள விடுவாங்க. இன்னாருடைய மிஷினுக்கு மட்டும் பொட்டு இல்லன்னு பொண்டாட்டி புள்ளைங்க பாத்துட்டுப் போவாங்க. இங்கயும் நாங்க அந்தப் பழக்கத்த விடல. அந்த மிஷினு ஓட்டறவரு, எப்ப செய்வீங்க எப்ப செய்வீங்கன்னு நம்ம உயிர எடுத்துடுவாரு."

"இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல? எதுக்குத் தொடச்சீங்க?"

"கன்சல்டன்ட் தொடைக்கச் சொல்லிட்டாரு. வெளிநாட்டுக் கம்பெனி, பூஜை கீஜைன்னா சிரிப்பாங்கன்னாரு. மொகத்துல இருந்ததத் தொடச்சிட்டோம். மிஷினு ஓடிட்டிருந்துச்சு, முதுகுப் பக்கம் கை விட முடியல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உண்மையாக வேலை செய்திருக்கிறார்கள். செய்ததற்கு அடையாளமும் வைத்திருக்கிறார்கள். அந்த அடையாளத்தை அழித்துவிட்டு, அதற்குப் பதில் பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். வேறெங்கும் இப்படிப்பட்ட முட்டாள்தனத்தைப் பார்த்ததில்லை. நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அக்டோபர் மாத வவுச்சர்களில் பூஜைச் செலவு என்று ஒரு கட்டு இருந்தது. பொரி, கடலை, அவல், வாழைக்கன்று, வெண்பூசணி, பேரிங், கிரீஸ், கேஸ்கெட், வி-பெல்ட் என்று எல்லாம் ஒரே துண்டுச் சீட்டில். "சாமிக்கு எதுக்குங்க வி-பெல்ட்டு?" என்று கேட்டேன். கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வருஷா வருஷம் அப்பிடித்தான் மேடம் வருது" என்றார்.

வாங்கினார்கள் என்பது நிச்சயமாயிற்று. மாட்டினார்களா? யாரோ சொன்னதை நம்பி மதிப்பெண் போடுகிற ஆள் நான் இல்லை. மேலாளரையும் ஃபோர்மேனையும் வைத்துக்கொண்டு, "நான் கைகாட்டற மிஷின நிறுத்தித் தொறந்து காட்டணும்" என்றேன். முதலில், பொட்டு இருந்த ஒரு கியர்பாக்ஸ். மூடியை எடுத்தார்கள். எண்ணெய் புதிதாக இருந்தது, பற்களில் தேய்மானம் இல்லை. அடுத்து, பொட்டு இருந்த ஒரு தண்ணீர் பம்ப். அதுவும் பழுதில்லை.

மூன்றாவதாக, கொட்டகையின் கோடியில் இருந்த இரண்டாம் நம்பர் காற்று கம்ப்ரஸரைக் காட்டினேன். கார்டில் அதற்கும் அக்டோபரில் சர்வீஸ் முடிந்ததாக டிக் இருந்தது. மேலாளர் உற்சாகமாகிவிட்டார். "தாராளமா தொறந்து பாருங்க மேடம்" என்றார்.

ஃபோர்மேன் அசையவில்லை. "அது வேணாம் சார்" என்றார்.

"ஏன் வேணாம்?"

"அதுக்குப் பொட்டு வைக்கல சார்."

நான் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. துடைத்த தடமும் இல்லை. மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. "கார்டுல முடிஞ்சிதுன்னு நீதானேய்யா கையெழுத்துப் போட்டிருக்க?"

"போட்டேன் சார். அது பொய்யி. வால்வு செட்டு கோயம்புத்தூர்லேருந்து வரல. இன்னும் வரல. தொறக்காததுக்கு எப்பிடிப் பொட்டு வைக்கறது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தேறுமா தேறாதா என்கிற இடத்தில், தன் டீமுக்கே உலை வைக்கிற மாதிரி இவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று மேலாளர் தலையில் கை வைத்தார். எனக்கோ அந்த நிமிஷத்தில் அந்த மனுஷர்மேல் ஒரு பெரிய மரியாதை வந்தது. தாளில் பொய் எழுதக் கை வந்திருக்கிறது. குங்குமத்தில் பொய் சொல்ல வரவில்லை. "பரவாயில்ல, தொறங்க" என்றேன். காற்றை இறக்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினார்கள். வால்வுத் தட்டுகளில் கரி அப்பிக் கிடந்தது. அதைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்ட மதிப்பீட்டாளர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஏன் என்று மேலாளருக்குப் புரியவில்லை. விளக்கினேன். பொட்டு இருந்த இரண்டும் சுத்தம். பொட்டு இல்லாதது அழுக்கு. எது முடிந்தது, எது முடியவில்லை என்று இந்தப் பொட்டு சரியாகச் சொல்கிறது. உங்கள் கார்டு எல்லாமே முடிந்துவிட்டது என்கிறது. இரண்டில் எது பதிவு?

"ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஆவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று மேலாளர் உடனே கட்சி மாறினார்.

"கறிக்கு ஆவாதுதான் சார். ஆனா ஏடும் வேணும்" என்றேன். ஏன் வேண்டும் என்று அப்போது எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. பொட்டு அழிந்துபோகும், அவ்வளவுதான் தோன்றியது.

அதற்கான பதிலை அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொண்டுவந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் சொல்தா என்றால் எல்லாருக்கும் தெரியும், பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். தான் உயிரோடிருப்பதாக அவர் அவ்வப்போது ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவருவார், வரிப் படிவக்காரர்களைப் போலவே. அன்றைக்கு எனக்கு மனசு ஃபேக்டரியில் இருந்ததால், "எதிர்ல நிக்கறீங்க, பேசறீங்க. இதுக்குமேல இன்னா அத்தாட்சி வேணுமாம் மாமா அவங்களுக்கு?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "நான் உசுரோட இருக்கறது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அங்க உக்காந்துருக்கறவனுக்கு எப்பிடிம்மா தெரியும்? அவன் காசு அனுப்பணும்ல?" என்றார். இதைச் சொல்லிவிட்டு, மெர்ஸி என்று பிரெஞ்சில் ஒரு நன்றியும் சொல்லி, படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் கையேட்டில், பதிவு எந்த வடிவிலும் இருக்கலாம், உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அதுவரை நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. ஃபைல்களுக்குப் பூஜ்யம் போட்டேன். ஆகஸ்ட் பதினாறையும் விடாமல் எழுதினேன். பராமரிப்பு வேலைக்குத் தாராளமாகவே மதிப்பெண் போட்டேன். கஞ்சத்தனம் போன இடம் தெரியவில்லை. பொட்டை ஒரு பதிவுமுறையாக எடுத்துக்கொண்டு, ஆவணப் பகுதியில் தேறுகிற அளவுக்கு அதற்கு மதிப்பெண் போட்டு, திறந்து பார்த்த மூன்று இயந்திரங்களைச் சான்றாகக் காட்டினேன். அடுத்த ஆயுத பூஜைவரை நிபந்தனையோடு தேர்ச்சி. அதற்குள் நிஜமான ஆவணம் உருவாக வேண்டும். இந்தக் குழுவை மாற்றினால் இந்த முறையும் அதோடு போய்விடும் என்று கடைசியில் சேர்த்தேன்.

சென்னையில் இருந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பிரதிநிதி எனக்குப் போன் செய்தார். "பொட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன மென்பொருள்?" என்று கேட்டார். நான் விளக்கினேன். எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகு, "அக்டோபரில் மறுபடி பாருங்கள், அதுவரை சின்ன ஆர்டராகத் தருகிறோம்" என்றார். காண்ட்ராக்ட் பேச்சு அக்டோபர்வரை தள்ளிப்போயிற்று. நின்றுபோகவில்லை. ஃபோர்மேன் எனக்கு நன்றி சொன்னபோது அதையும் சேர்த்தே அவரிடம் சொன்னேன். "தெரியும் மேடம். இந்த வாட்டி எழுதிடறோம்" என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் போனேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள், சாம்பிராணிப் புகையில் எண்ணெய் வாசனையே தெரியவில்லை. தொழிலாளிகளின் மனைவிமாரும் பிள்ளைகளும் புதுத்துணியோடு வந்திருந்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் ஒரு கார்டு தொங்கியது. விரல் ரேகை, கிரீஸ் கறை, அடித்துத் திருத்தல் எல்லாம் இருந்தன. பார்க்கக் கண் குளிர்ந்தது. கார்டின் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு "பொட்டு" என்றே போட்டிருந்தார்கள். பூஜை ஆரம்பிக்கும் முன்பே நான் கண்ணாடியோடு வரிசையைச் சுற்றி வந்தேன், நான்கைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் நம்பர் கம்ப்ரஸருக்கு முன்னும் பின்னும் பொட்டு இருந்தது. அதை ஓட்டுகிறவரின் மனைவி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பொரிப் பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். ஃபோர்மேன் குங்குமத் தட்டோடு பராமரிப்பு அறைக்குள் கூப்பிட்டார். உள்ளே ஃபைல் பீரோ இருந்தது. கழுவித் துடைத்து மாலையெல்லாம் போட்டிருந்தார்கள். நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதுக்கு ஏன் வைக்கல?" என்றேன். "புஸ்தகத்துக்கும் இன்னிக்குத்தானே பூஜை?"

"நீங்க தொறந்து பாக்கணும் மேடம்" என்றார். "தொறக்காததுக்குப் பொட்டு கிடையாது." சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஆட்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பீரோவைத் திறந்தேன். அழுக்குப் பிடித்த, பக்கம் மடங்கிய ஃபைல்கள். ஒன்றை உருவி ஆகஸ்ட் மாதத்தைப் புரட்டினேன். பதினாறாம் தேதிக்கு நேரே டிக் எதுவும் இல்லை. அவருடைய கோணல் எழுத்தில், "லீவு. யாரும் வரல" என்று இருந்தது.

"வைங்க" என்றேன்.